பக்கவாதம் வந்தால் 5 லட்சம், வராமல் தடுக்கும் மாத்திரைக்கு?

இன்றைக்கு மீம் இல்லை, ட்ரோல் இல்லை, யாருக்கும் பதிலடி இல்லை. ஒரு மெடிக்கல் ஷாப் பில்லைப் பற்றிப் பேசப் போகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் இதய நோயாளி யாராவது இருந்தால் கடைசி வரை படிச்சிடுங்க.

ஒரு ஏழைக் குடும்பத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, கை கால் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதே மனிதருக்கு அந்தப் பக்கவாதமே வராமல் தடுக்க ஒரு மாத்திரை இருக்கு. தினமும் வீட்டில் சாப்பிட வேண்டிய மாத்திரை. அதுக்கு இந்தக் காப்பீட்டில் இடம் இல்லை. காரணம், காப்பீடு படுக்கையில் படுத்தால்தான் பேசும்; நடமாடும் நோயாளியோடு பேசாது.

விழுந்த பிறகு லட்சம், விழாமல் தாங்கிப் பிடிக்க ஒரு ரூபாய்கூட இல்லை. இந்தக் கணக்கு சரியா?

*என்ன நோய் இது?*

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். இதயத்தின் மேல் அறைகள் தாளத்தோடு சுருங்கி விரியாமல், நடுக்கம் கண்ட மாதிரி துடிக்கும். பம்ப் சரியாக இழுக்காவிட்டால் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும் இல்லையா? அதே மாதிரி ரத்தம் இடது மேல் அறையின் ஓரப் பையில் தேங்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய் ரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம்.

இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு என்பது மருத்துவ உலகம் பல ஆண்டுகளாக ஏற்றுக்கொண்ட கணக்கு. வயசு, பி.பி., சுகர் எல்லாம் சேரச் சேர ஆபத்தும் ஏறும். சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்கல் இருக்கும். பலருக்கு எதுவுமே தெரியாது. முதல் அறிகுறியே பக்கவாதமாக வரும் குடும்பங்களும் இருக்கு.

இதைத் தடுக்கத்தான் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. பழைய மருந்தான வார்ஃபரினே பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. நம்ம ஊரில் பலரும் "ரத்தத்தை இளக்குற மாத்திரை" என்று ஆஸ்பிரினையும் இதையும் ஒன்றாகப் பேசுவார்கள். ஒன்றில்லை. ஏ.எஃப். நோயாளிக்கு ஆஸ்பிரின் தரும் பாதுகாப்பு இதன் பக்கத்தில்கூட வராது. காசு மிச்சம் என்று ஆஸ்பிரினுக்கு மாறுவது, ஹெல்மெட்டுக்குப் பதில் தொப்பி போடுகிற மாதிரி.

*மாத்திரை மலிவு, டெஸ்ட் விலை*

இதில் இரண்டு வகை இருக்கு.

பழைய வகை: வார்ஃபரின், அசினோகூமரால். மாத்திரை விலை குறைவு. ஆனால் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, அளவு பெரும்பாலானவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, டோஸை ஏற்றி இறக்க வேண்டும். அதனால் உண்மையான செலவு மாத்திரையில் இல்லை. டெஸ்ட் கட்டணம், டவுனுக்குப் போய் வர பஸ் செலவு, துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலி, இதெல்லாம் சேர்ந்ததுதான் செலவு. முருங்கைக்கீரை மாதிரி வைட்டமின் கே அதிகமுள்ள சாப்பாடு ஒரு வாரம் நிறைய, மறு வாரம் இல்லை என்று ஆனால் டெஸ்ட் ரிசல்ட்டும் ஆட்டம் காணும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும்.

புதிய வகை: டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான். இதுக்கு ஐ.என்.ஆர். டெஸ்ட் தேவையில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அவ்வப்போது பார்த்தால் போதும். மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தும் வார்ஃபரினைவிடக் குறைவு. ஆனால் மாத்திரை விலை பல மடங்கு.

"அப்போ எல்லாரும் புதுசுக்கு மாறிடலாமா?" என்று கேட்காதீங்க. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கும் பழைய மருந்துதான். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட ஏ.எஃப். நோயாளிகளிடம் ரிவரோக்ஸபானைப் பழைய மருந்தோடு ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் பழைய மருந்தே ஜெயித்தது. இந்த வால்வு நோய் அதிகம் இருக்கும் நாடு நம்ம நாடு. அதனால் எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

*ஒரு நாள் விட்டு ஒரு நாள்*

எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு மருந்துச் சீட்டு வந்தது. "பெரியவருக்கு இந்த மாத்திரை எங்க மலிவா கிடைக்கும்?" என்ற கேள்வியோடு. அபிக்ஸபான், காலை ஒன்று, இரவு ஒன்று. நேரில் போய்ப் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. ஓய்வுபெற்ற லாரி டிரைவர். மூணு மாசமாக ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டார். "ஒரு அட்டை பத்து நாளைக்கு வருது தம்பி, இல்லன்னா அஞ்சு நாள்ல காலி" என்றார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

இந்த இடம்தான் ஆபத்தானது. வார்ஃபரினின் வேலை உடம்பில் சில நாள் தங்கும். புதிய மாத்திரைகளின் வேலை 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். ராத்திரி டோஸை விட்டால் அந்த ராத்திரி முழுக்கப் பாதுகாப்பு இறங்கிக்கொண்டே போகும். இந்த மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் பக்கவாத ஆபத்து கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் குறிப்பேட்டிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்திருக்கிறது.

அந்தப் பெரியவர் அசட்டையானவர் இல்லை. அவர் ஒரு கணக்குப் போட்டார். அதே கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். ஒரு மாத்திரை 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 2 என்றால் 24 ரூபாய். மாதம் 720. ஆண்டுக்கு 8,760. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதில் 720-ஐ ஒரே ஒரு மாத்திரை தின்றால், பி.பி., சுகர் மாத்திரைக்கு என்ன மிச்சம்? அரிசி பருப்புக்கு என்ன மிச்சம்? அதே மாத்திரை 4 ரூபாய்க்குக் கிடைத்தால் மாதம் 240. அவர் ராத்திரி மாத்திரையைச் சாப்பிடுவார். ஒருவர் நடந்து திரிவதா, படுக்கையில் கிடப்பதா என்பதை இந்த 480 ரூபாய் முடிவு செய்கிறது.

*விலை எப்படி இறங்கியது?*

இங்கே ஒரு வரலாறு இருக்கு. நம்ம பிள்ளைகள் தெரிஞ்சுக்கணும்.

1970 காப்புரிமைச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். அதனால்தான் இந்தியக் கம்பெனிகள் உலகத்துக்கே மலிவாக மருந்து செய்து கொடுக்க முடிந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின் காரணமாக 2005-ல் சட்டம் மாறி, மருந்துக்கே 20 ஆண்டு காப்புரிமை வந்தது. புதிய வகை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றன.

இந்தியாவில் ரிவரோக்ஸபான் காப்புரிமை 2020 டிசம்பரில் முடிந்தது. அபிக்ஸபான் 2022 செப்டம்பரில் முடிந்தது. கதவு திறந்ததும் பல இந்தியக் கம்பெனிகள் தயாரிப்பில் இறங்கின, விலை சரிந்தது.

அமெரிக்காவைப் பாருங்க. அபிக்ஸபானின் அசல் பிராண்டான எலிக்விஸ் அங்கே 2023-ல் ஒரு மாதத்துக்குப் பட்டியல் விலை 521 டாலர். ஜெனரிக் மாத்திரைக்கு 2019 டிசம்பரிலேயே அனுமதி கிடைத்தும், காப்புரிமை வழக்குகளால் 2028 ஏப்ரல் வரை கடைக்கு வர முடியாது. அந்த நாட்டு அரசே கடைசியில் கம்பெனியோடு உட்கார்ந்து பேரம் பேசி, மெடிகேர் திட்டத்தில் இருக்கும் முதியோருக்கு 2026 ஜனவரி முதல் 231 டாலர் என்று இறக்கியது. பாதிக்கும் கீழே! அரசு மொத்தமாகப் பேரம் பேசினால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நமக்கு இந்தப் பாடம் புதுசும் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் இதைத்தான் செய்கிறது. மொத்தக் கொள்முதல், ஜெனரிக் பெயர், தர சோதனை, மாவட்டங்களில் கிடங்கு. வேறு மாநிலங்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரில் தொடங்கின. ஆட்சிகள் மாறியும் அது நின்றது. அதுதான் அதன் பெருமை.

*ஆனாலும் ஏன் பில் குறையவில்லை?*

காப்புரிமை முடிந்தால் போதாது. ஒரே மருந்து, ஒரே அளவு, பத்து பிராண்டு, பத்து விலை. எது மலிவு என்று நோயாளிக்குத் தெரியாது. டாக்டர் பிராண்டு பெயர் எழுதினால், கடைக்காரர் தானாக வேறு பிராண்டு மாற்றித் தர மருந்து விதிகளில் இடமில்லை. ஜெனரிக் பெயரில் தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதி சொல்கிறது. நடைமுறையில் எத்தனை சீட்டில் அப்படிப் பார்த்திருக்கிறீர்கள்?

அடுத்தது விலைக் கட்டுப்பாடு. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தால்தான் ஒன்றிய அரசு உச்ச விலை நிர்ணயிக்கும். 2022 பட்டியலில் டாபிகாட்ரான் சேர்ந்தது, வார்ஃபரின் ஏற்கெனவே உண்டு. ஆனால் நாளைக்கு ஒரு வேளை சாப்பிடும் ரிவரோக்ஸபானும், டாக்டர்கள் நிறைய எழுதும் அபிக்ஸபானும் அதில் சேரவில்லை. பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருந்துக்குக் கம்பெனி ஆண்டுக்கு 10 சதவீதம் வரை விலை ஏற்றிக்கொள்ளலாம். இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே இந்த வகை மருந்துகளைத் தன் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தாச்சு.

*இன்றே உங்கள் வீட்டில் செய்யக்கூடியது*

1. மருந்துச் சீட்டை எடுத்து, அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் உண்மையான பெயரையும் மில்லிகிராம் அளவையும் குறித்து வையுங்கள். விசாரிக்க வேண்டியது இந்தப் பெயரை வைத்துத்தான், பிராண்டு பெயரை வைத்து இல்லை.

2. அட்டை விலையை ஒப்பிடாதீங்க. ஒரு அட்டையில் 10 இருக்கும், இன்னொன்றில் 14 இருக்கும். ஒன்று நாளைக்கு ஒரு தடவை, இன்னொன்று இரண்டு தடவை. ஒரு நாள் செலவு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்.

3. அடுத்த தடவை டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: "சார், இந்த விலை கட்டுப்படி ஆகலை. ஜெனரிக் பேர்ல எழுதித் தர முடியுமா? இல்ல வேற மருந்து ஒத்துவருமா?" கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. கேட்காமல் டோஸை விடுவதுதான் ஆபத்து.

4. ஜி.எச். இதயப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பதிவு செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிக்கும் மாத்திரை இலவசம். உங்கள் மாத்திரை இருப்பில் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள்.

5. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி, கூட்டுறவு மருந்தகம், மூன்றிலும் விசாரியுங்கள். போர்டில் யார் படம் இருக்குன்னு பாக்காதீங்க, விலையைப் பாருங்க. ஜன் ஔஷதி 2008-ல் தொடங்கியது, அம்மா மருந்தகம் 2014-ல், முதல்வர் மருந்தகம் 2025-ல். ஆரம்பித்தது யாராக இருந்தாலும் எல்லாமே நம்ம வரிப் பணம்தான்.

6. மருந்து மாற்றுவதானால் டாக்டர் சொல்படி மட்டும். ரிவரோக்ஸபான் 20 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் சாப்பிட்டால் முழுசாக உடம்பில் சேராது. டாபிகாட்ரான் கேப்சூலை உடைத்துச் சாப்பிடக் கூடாது. அபிக்ஸபான் 5 மி.கி. எழுதியிருந்தால் பாதியாக உடைத்து "ரெண்டு நாளைக்கு ஆச்சு" என்று கணக்குப் பண்ணாதீங்க. 2.5 மி.கி. யாருக்கு என்பதை வயசு, எடை, சிறுநீரகம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

7. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீங்க, ரத்தக் கசிவு ஆபத்து கூடும். பல் பிடுங்கப் போனாலும் "நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்" என்று முதலில் சொல்லுங்கள்.

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறல், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. நேரம்தான் மூளை. நோயாளி எந்த மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் ஆம்புலன்ஸில் சொல்லுங்கள்.

*நாம் கேட்பது*

ஒன்றிய அரசிடம்: அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் இரண்டையும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேருங்கள், உச்ச விலை நிர்ணயம் செய்யுங்கள். 2025 செப்டம்பரில் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, 30-க்கும் மேற்பட்ட உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரி முழுசாகப் போனது. பக்கவாதத்தைத் தடுக்கும் மாத்திரைக்கும் அந்தப் பூஜ்யம் வரட்டும்.

மாநில அரசிடம்: எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் ஏ.எஃப். நோயாளிக்கு அவருடைய மாத்திரை தடையில்லாமல் கிடைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் முதல் பி.பி., சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அதே பையில் இந்த மாத்திரையும் வரட்டும். பி.பி. பார்க்க வரும் தன்னார்வலர் அரை நிமிடம் நாடியையும் பிடித்துப் பார்க்கட்டும். தாளம் தப்பினால் இ.சி.ஜி.க்கு அனுப்பட்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்காக வட்டார அளவிலேயே ஐ.என்.ஆர். டெஸ்ட் வேண்டும். ஒரு ஊசிக் குத்து டெஸ்டுக்காக ஒரு நாள் கூலியை இழக்கக் கூடாது.

காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் இரண்டு அரசுகளிடமும்: ஆயுஷ்மான் திட்டத்தில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் மருந்துக்கு வழி இருக்கு. 16-வது நாள் என்ன? ஏ.எஃப். பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்கக் கூட வரும் நோய். தடுப்பு மாத்திரைச் செலவையும் காப்பீட்டுக்குள் கொண்டு வாருங்கள். ஒரு பக்கவாத நோயாளிக்கு ஐ.சி.யூ.வில் ஆகும் செலவில் எத்தனை ஆண்டு மாத்திரை வாங்கலாம் என்று உங்கள் அதிகாரிகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

*நம்ம வேலை*

தோழர்களே, கோரிக்கை எழுதிவிட்டு ஷேர் பண்ணிட்டுப் போயிட்டா வேலை முடிஞ்சிடாது. நம்ம கையில் போன் இருக்கு, குழு இருக்கு, கூகுள் ஷீட் தெரிஞ்ச பிள்ளைகள் இருக்காங்க.

ஒவ்வொரு வார்டிலும் ஒரு பட்டியல் போடுங்கள்: பக்கத்தில் இருக்கும் மலிவு விலை மருந்தகங்கள், போன் நம்பர், இந்த மாத்திரைகள் இருப்பு உண்டா, ஒரு மாத்திரை என்ன விலை. 15 நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணி அப்டேட் செய்யுங்கள். மருந்துச் சீட்டைக் குழுவில் போடும்போது நோயாளியின் பெயர், நம்பரை மறைத்துவிட்டுப் போடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களோடு ஒரு தடவை ஜி.எச்.சுக்குக் கூடப் போங்கள்.

இன்னொன்று. "பூண்டு சாப்பிட்டால் ரத்தம் இளகும், மாத்திரை வேண்டாம்", "வார்ஃபரின் எலி மருந்து" என்றெல்லாம் ஃபார்வர்டு வரும். வார்ஃபரின் 1940-களின் கடைசியில் எலிக்கொல்லியாகத்தான் விற்பனைக்கு வந்தது, உண்மைதான். 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்று, இத்தனை ஆண்டுகளாக உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பதும் உண்மை. அளவுதான் மருந்து. இந்த ஃபார்வர்டை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் பின்விளைவு என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நம்ம ஆளே அனுப்பினாலும் "தப்பு அண்ணே" என்று அங்கேயே சொல்லுங்கள்.

அந்த லாரி டிரைவர் மாதிரி ராத்திரி மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் போய்க் கேட்கணும்: "ஐயா, மாத்திரை ரெண்டு வேளையும் போடுறீங்களா?"

இந்த வாரம் உங்கள் வார்டில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். எந்த மருந்தகத்தில் இருப்பு இல்லை என்பதையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடுதான் அதிகாரிகளைப் பார்க்கப் போகிறோம்.

#ஒருவேளையும்_விடவேண்டாம்
#தடுப்புமாத்திரை_நம்உரிமை